வில்லங்கச் சான்று

திருவாரூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு
எதிர்க்கடை என்னுடையது.
பட்டா, சிட்டா, அடங்கல், மூலப்பத்திரம்,
இறப்புச் சான்று ஏழு பிரதி.
கண்ணாடி மேல் காகிதத்தைக் கவிழ்ப்பேன்,
படிக்க மாட்டேன்.
படித்தால் இந்தத் தொழில் ஓடாது.

கூத்தாநல்லூர் சபுரா
நூற்றெண்பது பக்கம் கொடுத்துவிட்டுப் போனாள்.
மூன்று பிரதி, சுருள் பைண்டிங், காலை பத்துக்குள்.
பாதியில் டோனர் தீர்ந்தது.
தஞ்சாவூர் பஸ்ஸில் பையன் கொண்டுவரும்வரை
கைக்கு வேலையில்லை.
படித்தேன்.

இந்த ஊருக்கு அடியில் களிமண்.
களிமண்ணுக்கு அடியில் மணல், மறுபடி களிமண்,
தூக்கம் வராத ஆள் போல
ஆறு தன் படுக்கையை
மாற்றி மாற்றி விரித்திருக்கிறது.
பிறகு சுண்ணாம்பு. பிறகு
சேறு இறுகிய கறுப்புப் பாறை.
கிலோமீட்டர் கணக்கில் துளைத்தும் வண்டல் தீரவில்லை.

கும்பகோணத்துக்குக் கீழே
ஒரு மலைமுகடு புதைந்து கிடக்கிறதாம்.
மாதம் இரண்டு தடவை அந்த மலை மேல் ஏறித்தான்
பேப்பர் ரீம் வாங்கி வருகிறேன்.
ஒரு நாளும் மூச்சு வாங்கியதில்லை.

ஒரு படம். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட சங்கு.
அரியலூர்ப் பக்கம் வெட்டவெளியில் பொறுக்கியது.
அங்கே வெயில் காயும் அந்தக் கடலடி
இங்கே வருவதற்குள்
கிணற்றுக்கும் எட்டாத ஆழம் போய்விடுகிறது.
என் மெஷினில் சங்கு விழவில்லை,
கறுப்பாய் ஒரு வட்டம்.

ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு வரி:
இவ்விடத்தில் சில லட்சம் ஆண்டுகளின் படிவு இல்லை.
நான்தான் பக்கம் விட்டேனோ என்று
பதறி எண்ணினேன்.
மூலத்திலேயே இல்லை.
எதுவோ அரித்துக்கொண்டு போயிருக்கிறது,
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்.

பாதி இறக்கிய ஷட்டரைத் தட்டினார்
கமலாபுரம் தண்டாயுதம்.
தம்பி மேல் வழக்கு, நாளைக்கு வாய்தா.
வரப்பு நகர்ந்ததில் மூன்று குழி.
முப்பது வருடத்து வில்லங்கம் இரண்டு பிரதி வேண்டும்.
டோனர் இல்லை என்றேன்.
நம்பாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

என்னது அது, அவ்வளவு தடி?
நம்ம நிலத்தோட வில்லங்கம்.
எத்தனை வருஷத்துக்கு?
பதின்மூணு கோடி.
யார் பேர்ல இருக்கு?
ஆறு. கடல். திரும்ப ஆறு. திரும்பக் கடல்.
அதுக்கு முன்னாடி?
இலங்கை, அண்டார்டிகா எல்லாரோடவும் கூட்டுப்பட்டா.
பாகம் பிரிஞ்சப்ப விழுந்த பள்ளத்துலதான்
நாம நாத்து நடுறோம்.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
கோப்பை மடியில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
சுமுகமாப் பிரிஞ்சாங்களா?

தெரியல. இன்னும்
விலகிக்கிட்டேதான் இருக்காங்களாம்.
வருஷத்துக்கு நகம் வளர்ற அளவு.

தண்டாயுதம் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

ஒன்பதரைக்கு டோனர் வந்தது.
அவருடையதை முதலில் போட்டேன்.
பிறகு சபுராவின் மடிப்புப் படம்,
கீழிருந்து மேலாகப் படிக்கவும் என்று ஓரத்தில் குறிப்பு.
உச்சியில் மஞ்சளாய் ஒரு மயிரிழைக் கோடு.
கரிகாலன் முதல் தண்டாயுதத்தின் தம்பி வரை,
கோயில், மதகு, வாய்தா, என் கடை,
எல்லாம் அதற்குள்.
பிரதியில் அந்தக் கோடு விழவேயில்லை.
மஞ்சளை என் மெஷின் எடுக்காது.

கருமையை இரண்டு புள்ளி ஏற்றினேன்.
வந்தது,
கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசும் சேர்ந்து.

எட்டு ரூபாய் வைத்துவிட்டு
என் படியில் செருப்புச் சேற்றை வழித்துவிட்டுப் போனார்
தண்டாயுதம்.
வழக்குப் போட்ட வயலின் சேறாகத்தான் இருக்கும்.
காய்ந்தால் பெருக்கிக்கொள்ளலாம்.