எரித்தபின் நிறை

ஒட்டுசுட்டானில் இருந்து வந்த மண்.
இருபத்தாறாம் இலக்கப் பை.
கடலைத் தோட்டம், வடகிழக்கு மூலை,
ஆழம் பதினைந்து சென்ரிமீற்றர்.
பையில் எழுதியது என் கைதான்.
திறந்தால்
இன்னும் முடியாத ஒரு மழையின் மணம்.

மண்ணில் சேதனம் எவ்வளவு என்று அறிய
எங்கள் அறையில் ஒரு வழிதான் உண்டு:
நிறுத்து, எரித்து, மறுபடி நிறுத்தல்.
ஐந்நூற்றைம்பது பாகையில் நாலு மணித்தியாலம்.
இலை, வேர், புழு, சாணி,
காற்றில் வந்து விழுந்த கடலைச் சருகு
எல்லாம் போய்விடும்.
குறைந்ததுதான் விடை.

முதல் மாதம் இதை எழுதும்போது கை நின்றது.
இருந்தது எவ்வளவு என்பதை
இழந்ததைக் கொண்டு எண்ணுவது
எங்கள் பக்கத்துக்குப் புதிதா என்ன?
இப்போது நிற்பதில்லை.
மாதம் எண்பது மாதிரி.

அரியமலர் கேட்டது ஒரே கேள்வி:
"பிள்ளை, இதிலை நடலாமோ?"

அவரின் காணியில்
முதலில் வந்து விழுந்தவை.
வெடித்தவை, வெடிக்காமல் கிடந்தவை.
சிவப்புத் தடியும் வெள்ளைத் தடியும் நட்டு
ஆறு மாதம் குந்தியிருந்து
இரும்பைப் பொறுக்கிப் போனார்கள்.
இரும்பை மட்டும்.
பிறகு அவரே தெளித்தது:
புல்லுக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று,
கடைக்காரர் கடனுக்குத் தந்த,
லேபல் கழன்ற போத்தல்கள்.

உக்கலுக்கு இதில் பேதம் இல்லை.
செம்பு, ஈயம், வெடிமருந்தின் மஞ்சள்,
களைநாசினியின் நீளமான பெயர்,
எது வந்தாலும் உள்ளே எடுக்கும்.
எடுப்பது தீர்ப்பது அல்ல.
கதவைச் சாத்திக்கொண்டு
"அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்று
வாசலில் நின்று சொல்லும் வீட்டைப்போல
வேர் வந்து கேட்டால் இல்லை என்னும்,
அவ்வளவுதான்.

எரிந்த கரி இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.
வடகிழக்கு மூலையில் துளைகோலை இழுத்தபோது
விரல் தடிப்பில் ஒரு கறுப்புப் படை.
எரிந்தது என்ன என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.
நானும் கேட்கவில்லை.
அரியமலர்
அந்த இடத்தைச் சுற்றித்தான் நடந்தார்.

"அப்ப எருப் போட்டால் சரிதானே?"
எருமைப் பட்டியில் சொல்லி வைத்தாச்சாம்,
இரண்டு லாண்ட்மாஸ்ரர் பெட்டி.
சரி என்று வாய்வரை வந்தது.
கிணற்றடி வாளியில் கிடந்தது
வெறுந்தேத்தண்ணி நிறத்தில் நீர்.

மாரி பிறந்தால் உக்கலில் ஒரு பங்கு கரையும்.
கரைகிறபோதும் பிடித்ததை விடாது.
ஒளித்தவரும் ஒளிந்தவரும்
ஒரே பெட்டியில் ஏறி
இரவோடு இடம்பெயர்வதுபோல்
கீழே, கீழே, ஊற்றுக்கண் வரைக்கும்.

ஒரு போத்தல் கிணற்று நீரும் எடுத்தேன்.
படிவம் அதைக் கேட்கவில்லை.

உலை ஆற ஓர் இரவு.
விடிய, கிண்ணத்தில் செங்கல் நிறத் தூள்.
மணமே இல்லை.
ஒன்று தசம் ஒன்பது வீதம் என்று எழுதினேன்.
பேராதனைக்கு அனுப்பிய பங்குக்கு
மூன்று கிழமையில் பதில்:
ஈயம், எல்லைக்குள்.
வெடிமருந்து, கண்டறியும் எல்லைக்குக் கீழே.
"இல்லை" என்ற சொல்
அந்த இயந்திரத்துக்குப் பழக்கமில்லை.

குறிப்புக்கு விட்ட இடம் இரண்டு வரிதான் கொள்ளும்.
எரு இடலாம், கிணற்றிலிருந்து தள்ளி.
வடகிழக்கு மூலையைக் கிளற வேண்டாம்.

தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.
அந்தப் பக்கம் கோழிச் சத்தம்.
பிறகு அவர் சொன்னார்:
"அந்த மூலையை நான்
ஒருநாளும் கிளறினதில்லை."

கொஞ்சம் கழித்து,
"தண்ணியைப் பார்க்க எவ்வளவு காசு, பிள்ளை?"

இலவசம் என்றேன்.
ரசீதுப் புத்தகத்தில்
என் பெயர்.