ஏழாவது நாற்காலி

நாற்பத்தொரு புத்தகம்.
லிம்ஃபியோர்டின் கரையில்
கவிழ்த்துப்போட்ட படகுக்கடியில் வீடு,
வீட்டுக்குள் ஆறு நீர்நாய்கள்.
அப்பாவுக்கு மஞ்சள் மழைத்தொப்பி.
அம்மாவின் மீசையில் எப்போதும் கொஞ்சம் மாவு.
நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி பிப்பே
நான்தான் என்று ஊருக்கே தெரியும்.
பல் பிடுங்கப் போனால் மருத்துவர் கேட்பார்:
"நண்டைக் கண்டால் இன்னும் பயமா?"

எனக்கு ஐம்பத்திரண்டு வயது.
பிப்பேவுக்கு நான்கு.
எனக்குக் கண்ணாடி வந்தது, விவாகரத்து வந்தது,
இடது முழங்காலுக்குள் ஒரு திருகாணி வந்தது.
அவளுக்கு வருடத்துக்கு ஒரு கஷ்டம்,
ஒன்பதாம் பக்கத்தில் வரும்,
முப்பத்தோராம் பக்கத்தில் போய்விடும்.

அம்மா இறந்த மூன்றாம் வாரம்
பதிப்பகத்தார் கேக்கோடு வந்தார்கள்.
"உங்கள் கை அப்படியே ராக்ன்ஹில்டின் கை."
இல்லை.
என் கை நகராட்சியில்
சாக்கடைக் குழாய்க்குச் சரிவு வரைந்த கை.
ஒப்புக்கொண்டேன்.
வாடகை என்று ஒன்று இருக்கிறதே.

ஒரு குளிர்காலம் முழுக்க ரோமம் பழகினேன்.
நனைந்த ரோமம் வேறு, நனைந்து காயும் ரோமம் வேறு.
அம்மா மூன்று கோட்டில் முடிப்பாள்,
எனக்கு முப்பது ஆனது,
அப்போதும் சில பக்கங்களில்
பாட்டில் கழுவும் தூரிகை மாதிரிதான் இருந்தார்கள்.
அக்டோபரில் நாற்பத்திரண்டாவது வெளிவந்தது.
பத்திரிகைகள் பெரிய மனது பண்ணின.

பிறகு ஒரு கடிதம்.
ஸ்கீவெயிலிருந்து, வில்லாஸ், வயது ஆறு,
பாதி எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்க:
"ஏழாவது நாற்காலி எங்கே?"
மறுநாள் மூன்று. வார இறுதியில் ஒரு பை நிறைய.
ஒரு வகுப்பு முழுக்க நாற்காலி வரைந்து அனுப்பியிருந்தது,
நாற்காலி மட்டும்.
"யாராவது உட்கார்ந்து உடைத்துவிட்டார்களா?
எங்கள் அப்பாவிடம் பசை இருக்கிறது."

பழையவற்றைத் தரையெல்லாம் பரப்பி எண்ணினேன்.
ஆறு கிண்ணம், ஆறு கரண்டி,
ஏழு நாற்காலி.
மூன்றாவது புத்தகத்திலிருந்து ஒன்று விடாமல்.
அந்த மேஜையிலேயே வளர்ந்தவள் நான்,
அதன் கீழே நண்டுக்கு ஒளிந்தவள் நான்,
ஒருதரம்கூட எண்ணியதில்லை.

மனம் சும்மா கிடக்குமா.
எனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து போனதோ?
அப்பாவுக்கு வேறெங்காவது ஒரு வீடோ?
தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினேன்.
சித்தி தோராவைத் தொலைபேசியில் அழவைத்தேன்,
காரணமில்லாமல்.

அச்சகத்தில் தகடு எடுத்த டோர்கில்
காபி சிந்தும்வரை சிரித்தார்.
"தப்பு. வெறும் தப்பு.
எட்டாயிரம் பிரதி அடித்த பிறகு பார்த்தாள்.
திருத்தட்டுமா என்றேன். காது வரை சிவந்துபோய்,
'வேண்டாம், அடுத்ததிலும் போட்டுவிடுகிறேன்,
தெரிந்து செய்ததுபோல் இருக்கட்டும்' என்றாள்."

முப்பத்தெட்டு முறை
தெரிந்து செய்தாள்.
என்னிடம் அப்படி ஒருநாளும் அசடு வழிந்ததில்லை.
நான் போட்ட கணக்கில் ஒரு புள்ளி பிசகினாலும்
ரப்பரை நகர்த்தி வைப்பாள், பேசாமல்.

வில்லாஸுக்கு எழுதினேன்:
பழுது பார்க்கப் போயிருக்கிறது,
பசைக்கு நன்றி.

நாற்பத்து மூன்றில் அது திரும்பி வந்தது,
ஜன்னல் ஓரம், பிப்பேவுக்குப் பக்கத்தில்.
சரிவு, நிழல், தரையின் கோணம்,
எல்லாம் அளவுகோல் வைத்துப் போட்டேன்.
பத்தாயிரம் அடித்த பிறகு
பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள், தயங்கித் தயங்கி:
"அந்த நாற்காலிக்கு ஐந்து கால் இருக்கிறதே,
வேண்டுமென்றுதானே?"

காது சுட்டது.
"ஆமாம்," என்றேன்.