ஐந்தில் ஒரு பங்கு

ஆராதனை முடிந்து
காணிக்கைப் பெட்டியைக் கவிழ்த்தால்
சில்லறைக்கு நடுவே ஒரு பழுப்பு உறை.
அறுபதாயிரம். பெயர் இல்லை.
'பிராயச்சித்தம்' என்று மட்டும்
பச்சை மையில்.

லேபர் கேம்ப் சபையில்
பச்சை மையில் எழுதுகிறவர் ஒருவர்தான்.
அவருடைய சீட்டு நோட்டிலும்
இதே வால் சுழித்த 'ய'.

கணக்கு எனக்கு உடனே பிடிபட்டது.
ஜெயசீலி அவரிடம் கட்டி இழந்தது ஐம்பது.
ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் அறுபது.
லேவியராகமத்தை மனுஷன்
ஊன்றித்தான் வாசித்திருக்கிறார்,
யார் கையில் கொடுக்க வேண்டும்
என்கிற இடத்தைத் தவிர.
முதலில் பறிகொடுத்தவளிடம்.
அப்புறம்தான் ஆட்டுக்கடாவோடு
ஆசாரியனிடம்.

போதகர் மேலே பார்த்தார்.
ஜூலை மழை,
பீடத்துக்குப் பக்கத்தில் வாளி பாதி நிறைந்திருந்தது.
"கூரைக்குக் கர்த்தர் தந்தார்" என்றார்.

நானும் மேலே பார்த்தேன்.
பிறகு பேரேட்டில் எழுதினேன்:
பெயர் சொல்ல விரும்பாதவர்.
கீழே என் கையெழுத்து,
நீல மையில்.

திங்கள் விடியலில்
தொண்ணூறடி ரோட்டில்
ஜெயசீலி அலுமினியத் தூக்கைத் திறக்கிறாள்.
நாலு இட்லி நாற்பது ரூபாய்.
நாற்பத்தெட்டை எண்ணி
அவள் தட்டில் வைத்துவிட்டு
வேகமாக நடந்தேன்.

சிக்னல் வரை துரத்தி வந்தாள்,
மாவுக் கையும் மூச்சு வாங்கலுமாக.
"எட்டு ரூபா கூட இருக்கு, அண்ணாச்சி.
சரியா எண்ணத் தெரியாதா
உங்களுக்கு?"