மூன்றாவது வரி

முதலில் ரொட்டி வெளியேறியது.
பிறகு ரொட்டி வாட்டும் பெட்டி,
அடித்தட்டில் பதினொரு வருடத்துத் துகளோடு.
மரக்கரண்டிகளை ப்ரோனா அடுப்பில் போட்டு எரித்தாள்.
வெண்ணெய்க் கிண்ணத்தில் சிவப்பு நூல் கட்டினோம்:
டெர்வ்லாவுக்கு மட்டும்.
வெள்ளிக்கிழமை மாவு தோய்த்த மீன் நின்றது.
கோயிலில் அவளுக்கென்று தனி அப்பம்,
தனிக் கிண்ணத்தில்,
மற்ற அப்பம் தொட்ட விரல் படாமல்.

மருத்துவமனைத் திரையில்
அவள் குடலின் உட்புறத்தைக் காட்டினார்கள்.
மற்றவர்கள் எதைப் பார்த்தார்களோ,
நான் பார்த்தது
அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கையில்
மழையடித்துப் படுத்துவிட்ட வயல்.
நிமிரும் என்றார்கள்.
கோதுமையை நிறுத்துங்கள் என்றார்கள்.
மேலும் என்னவோ சொன்னார்கள், ஒரு தாளும் தந்தார்கள்.
என் காது கோதுமையோடு நின்றுவிட்டது.

தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.
டிராக்டர் வடிவில் ஒரு காந்தம்,
விதைக் கம்பெனிக்காரன் இனாமாய்க் கொடுத்தது.

எட்டு மாதம்.
கதவுநிலையில் பென்சில் கோடு
போட்ட இடத்திலேயே.
வெளுத்த உள்ளங்கை, ஆறாத வாய்ப்புண்,
பள்ளிப் பாவாடையில் வளர்வாள் என்று மடித்துத் தைத்த ஓரம்
பிரிக்காமலே கிடந்தது.

அதனால்தான் அந்த டப்பாவை வாங்கினேன்.
முன்பக்கம் பன்னிரண்டு வைட்டமின்,
இரும்பு, துத்தநாகம்,
ஓடுகிற ஒரு பையன், அவன் தோளில் சூரியன்.
பின்பக்கத்தையும் படித்தேன், படிக்காமல் இல்லை.
தடித்த எழுத்தில் இருந்தது: பார்லி.
எனக்குச் சந்தோஷம்.

ஸ்லேனி ஆற்றோரம் நாற்பது ஏக்கர் என் பார்லி.
மால்ட் ஆலைக்குப் போகும் சுமையில்
கியோ என்று சாக்பீஸில் எழுதி அனுப்புவேன்.
சொந்த ஊர்ச் சரக்கு பிள்ளையை என்ன செய்துவிடும்?
இரவு இரண்டு கரண்டி, சுடுபாலில்,
கட்டி தட்டாமல் நானே கலக்கினேன்.
மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்,
எனக்காக.

அக்டோபரில் உணவு நிபுணர் மாறினார்.
இஃபெயின்வா, எனுகுவிலிருந்து வந்தவர்,
நனைந்த கோட்டை இன்னும் கழற்றியிருக்கவில்லை.
தின்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"என்ன குடிக்கிறாள்?"

பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.
"எங்கள் ஊரிலும் இது வேறு பெயரில் உண்டு," என்றார்,
"அப்பாக்கள்தான் வாங்குவார்கள்."
டப்பாவைத் திருப்பி
அந்தத் தடித்த எழுத்தின் கீழே நகத்தை வைத்தார்.
ப்ரோனா என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

"இது கோதுமை இல்லையே," என்றேன்.
பார்லி விளைக்கிற ஆள் சொல்கிறேன்:
ஊறவைத்து, முளைகட்டி, வறுத்து, சாறெடுத்து,
பொடியாக்கிப் பாலில் கரைத்த பிறகு
அதற்குத் தன் பெயராவது நினைவிருக்குமா?
"அவள் குடலுக்கு இருக்கிறது," என்றார்.
குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல்,
காந்தத்தை நகர்த்தினேன்.
கோதுமை.
ரை.
டிராக்டரின் பின்சக்கரம் இருந்த இடத்தில்
மூன்றாவது.

பிப்ரவரியில் பென்சில் கோடு நகர்ந்தது,
ஒரு விரல் அகலம்கூட இல்லை.
ப்ரோனா பாவாடை ஓரத்தைப் பிரித்தாள்,
அவசரம்தான், ஆனாலும் பிரித்தாள்.

பயிரை மாற்றவில்லை.
அறுப்பு இயந்திரத்தின் கடன் இன்னும் ஆறு வருடம்,
அந்த மண்ணும் வேறெதற்கும் இவ்வளவு மசியாது.
ஆகஸ்டில் பின்வாசலிலேயே உடுப்பைக் கழற்றுகிறேன்,
குழாயடியில் முழங்கை, காது, புருவம்.
ஜன்னலுக்குள் நின்று அவள் சரிபார்க்கிறாள்:
"கழுத்துக்குப் பின்னால், அப்பா. இன்னும் இருக்கிறது."

நேற்று கேட்டாள்,
நான் குடித்தது நம் வயலா?

ஆலையில் எல்லோருடையதும் கலந்துவிடும் என்றேன்.

ஒரு கரண்டியாவது?

வெளியே ஈரப்பதம் பார்க்கிற ஆள் வந்திருந்தான்,
உள்ளங்கையில் ஒரு பிடியை வைத்துக்கொண்டு,
ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தபடி.
நல்ல மணி என்றான்.
இந்த வருடம் நல்ல மணி.