இலந்தைக்குளம், நாலாவது மாடி

தோசை மாதிரி ஒன்றைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே
ஒரு செவ்வாய்க்கிழமை ஓடுவார்களாம் அந்த ஊரில்.
பயிற்சியில் சிரித்த செண்பகவல்லிக்கு இரண்டு மார்க் போனது.

மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை நகர்த்துவார்கள்.
மாட்டுத்தாவணி ஷேர் ஆட்டோ நகராது.

எதிர்சேவைக்கு எனக்கு லீவு இல்லை.
கேஸ் பில்லோடு மல்லுக்கட்டிய லீட்ஸ் கிழவர்
அதென்ன சத்தம் என்றார்.
லாரியில் கொட்டடித்துப் போகிறார்கள்,
விடிந்தால் எங்கள் சாமி ஆற்றில் இறங்குகிறது என்றேன்.
தண்ணீர் இருக்குமா?
ஸ்கிரிப்டில் பதில் இல்லை.

நவம்பர் பதினொன்று. இங்கே மாலை நாலரை.
சட்டையில் சிவப்புக் காகிதப் பூ.
இரண்டு நிமிடம் ஒரு போனும் அடிக்காது,
ஏசி மட்டும் முனகும்.
எந்தப் போர் என்று யாரும் கேட்கவில்லை.
நான் டீயை ஊதினேன்.

நாலு முப்பத்திரண்டு. லீட்ஸ்.
"அப்புறம், தண்ணீர் விட்டார்களா?"
"விட்டார்கள் சார்.
கணுக்கால் அளவு."