பதினான்காவது எழுத்து

எட்டாம் எண் பேருந்தில் யாரோ மணியை அழுத்தியிருக்கிறார்.
எனக்குக் கேட்கவில்லை.
துய்ரா பாலம் தாண்டியதும் ஒருவர் எழுந்து வந்தார்:
"அம்மணி, என்னை உங்கள் வீட்டுக்கே
கூட்டிப் போவதாக உத்தேசமா?"
பேருந்து சிரித்தது. நானும்,
எதற்கென்று தெரியாமல், பாதி.

என் அம்மாவுக்கும் நாற்பதில் காது போனது.
தொப்பிலாக் கூழ் ஆலையின் இரைச்சல் என்றோம்.
ஆலையை மூடிவிட்டார்கள்.
பழியை யாரும் மூடவில்லை.

ஊலு மருத்துவமனை. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
மருத்துவர் வுவோரேலா
சர்க்கரைச் சோதனைத் தாளின் பின்பக்கம் வரைந்தார்:
மூன்று இலை, ஒரு காம்பு.
"உயிரணுவின் கூலியாள். சுமக்கிற ஆர்.என்.ஏ.
காம்பு நுனியில் ஒரே ஒரு லூசின்.
எதிர்முனையில் மூன்றெழுத்து.
நாடாவில் அதற்கு இணை வந்தால் இறக்கும்,
வராவிட்டால் விலகும்.
வெறுங்கையோடு திரும்பி மறுபடி ஏற்றிக்கொள்ளும்."

என் வேலைதானே, என்றேன்.

"உங்கள் பேருந்தில் யாரும் ஏறலாம்.
இங்கே ஒரு இருக்கை, ஒரு பயணி.
ஏற்றிவிடும் நொதி ஆள் மாற்றி ஏற்றுவது அபூர்வம்."
அணுவுக்குள் அடுப்புகள் உண்டாம்,
அடுப்புக்கென்றே தனிக் கூலிகள் இருபத்திரண்டு,
வெளிக்குளிர் எவ்வளவோ அவ்வளவு.
பிறகு பேனாவால் ஒரு இலையைத் தொட்டார்.
எழுபத்தைந்து எழுத்தில் பதினான்காவது:
அடினின் இருக்க வேண்டிய இடத்தில் குவானின்.

எங்கள் மொழியில் 'துலி' என்றால் நெருப்பு.
குறில் நெடிலானால் 'தூலி', காற்று.
ஒரு மாத்திரைதான்.
அடுப்பு அணைய அது போதும்.

என் தசையில் நூற்றுக்கு அறுபது அடுப்பில் பிழை.
அம்மாவிடம் எவ்வளவு இருந்ததென்று
மண்ணைத்தான் கேட்க வேண்டும்.
யார்க்கோவுக்கும் சனெல்மாவுக்கும்
கருமுட்டையோடு நான் கொடுத்த சீதனம்;
எண்ணிக் கொடுக்கவில்லை,
இருட்டில் கைநிறைய அள்ளியதுதான்.
யார்க்கோ சுமப்பான், தரமாட்டான்.
சனெல்மா சோதிக்கவில்லை.
அவளுக்கு ஐந்தாம் மாதம்.

வெள்ளி வரை ஓட்டலாம் என்றார்கள்.
பிறகு டிப்போவில் சாவி எண்ணும் வேலை.

இன்று காலை அவள் என் பேருந்தில் ஏறினாள்,
தெரியாதவள் போலச் சீட்டைக் காட்டிவிட்டுப்
பின்னால் போய் உட்கார்ந்தாள்.
லின்னன்மாவுக்கு முன்னால் கண்ணாடியில் அவள் கை,
கம்பத்துப் பொத்தானின் மேல்,
அழுத்தியதா, வெறுமனே பிடித்திருந்ததா.
பலகையில் சிவப்பு எரிந்தது.
அதைப் படித்தேன். நிறுத்தினேன்.

இறங்கும்போது வாய் அசைந்தது.
நன்றி என்றிருக்கலாம்.
கதவை உடனே மூடவில்லை நான்;
கொஞ்ச நேரம் குளிர் உள்ளே வந்தது.