கவட்டை

போன ஞாயிறு தூண்டில் போய்விட்டது.
முழுசாகத்தான்.
கோல், சக்கரம், நூறு மீட்டர் நரம்பு,
இன்னும் இரண்டு தவணை பாக்கி.
கல்லிடுக்கில் செருகிவிட்டு
தயிர்சாதத்துக்குள் ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தேன்.
கட்லாதான் என்றார் சுப்பராயுடு,
வழியனுப்பி வைத்தவர் மாதிரி.

அதனால் இந்த வாரம்
மீனை விட்டுவிட்டு
தாங்குவதை யோசித்தேன்.

ஊத்துக்கோட்டைக் கடையில்
அலுமினிய முக்காலி காட்டினார்கள்.
மடித்தால் குடை,
விரித்தால் கல்யாணப் போட்டோக்காரர்.
பிச்சாட்டூர் அணையில் மேல்காற்று எழுந்தால்
மீனுக்கு முன்னால் அது தண்ணீரில் விழும்.

வேலங்கவட்டை இலவசம்.
ஆனால் காய்ந்ததும் விரிசல் விடுகிறது,
முள்ளுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை.
மூங்கிலையும் அடித்துப் பார்த்தேன்.
வைகாசிக் கரை,
ஓடு ஓடாக வெடித்த வண்டல்.
முனை நசுங்கி
வெள்ளையடிக்கும் மட்டையானது.

கடைசியில் நாகலாபுரம் சாலை,
மஸ்தானின் வெல்டிங் பட்டறை.
பத்து எம்எம் கம்பி, தலையில் ஒரு வளைவு.
எந்த பருவு, என்று கேட்டான்,
எவ்வளவு பாரம் தாங்க வேண்டுமாம்.
அரைக் கிலோ கோல், என்றேன்,
அப்புறம்
என்னவென்று தெரியாத ஒன்று.
கண்ணாடியைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு
மறுபடி பொறி பறக்கவிட்டான்.

முன்கவட்டை இரண்டடி, வாய் திறந்தே இருக்கட்டும்,
மணி அடித்ததும் கோலைத் தூக்க வேண்டும்.
பின்னது ஓரடி, குரல்வளை மூடியது,
அடிக்கட்டை எகிறக் கூடாது.
சோதனைச்சாவடியில்
ஏழு வருஷமாய் லாரி எண் எழுதுகிறவள்.
எதைத் திறப்பது எதை மூடுவது
எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
வளைவில் சைக்கிள் டியூப் சுற்றினேன், வழுக்காமலிருக்க.
யார் வீட்டு கேட்டுக்கோ கலக்கிய பச்சை பெயிண்ட்
மிச்சமிருந்ததைப் பூசிக்கொடுத்தான்.
இருநூற்று நாற்பது, பேரமில்லை.

இன்று விடிகாலை
கருங்கல்லால் ஓங்கி அடித்தேன்.
மூன்றாம் அடியில் ஓடு உடைந்து
உள்ளே ஈரத்தைப் பிடித்தது கம்பி.
கோலைக் கிடத்தினேன், நுனி கொஞ்சம் மேலே.
ஆட்டிப் பார்த்தார் சுப்பராயுடு. அசையவில்லை.
யானையைக் கட்டலாம், என்றார்.

பத்து மணிவரை ஒன்றும் கடிக்கவில்லை.
சோற்றைத் திறந்தேன்.
இரண்டு கவட்டையும் உறுதியாகத்தான் நின்றன.
இருந்தாலும்
செருப்பைக் கழற்றி
கோலின் அடிக்கட்டை மேல்
இடது காலை வைத்துக்கொண்டேன்.